ஐம்பதிற்குப் பின் தொழில் தேடல்: அறிமுகத்தின் பயனும் முறையும்

கல்லூரி ஒன்றின் விழா மலரிலே அதன் கட்டடங்களின் வளர்ச்சியும், மாணவர் பெற்ற பரீட்சைச் சித்திகளும், விளையாட்டு வெற்றிகளும் எடுத்துரைக்கப்படுதல் இயல்பு. அவை யாவும் கூறத்தக்கனவே. ஆயினும், கல்லூரியை விட்டு நீங்கி முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் அம்மாணவனுடைய வாழ்வு எவ்வாறு நடக்கின்றது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. உயர்பதவி பெற்றோரின் பெயர்கள் மேடையில் ஒலிக்கின்றன. ஐம்பது வயதிலே தொழிலிழந்து, ஈராண்டு மூவாண்டாக வீட்டிலிருப்பவனுடைய பெயர் ஒலிப்பதில்லை. அவன் விழாவுக்கு வருவதுமில்லை. அத்தகையோர் மீண்டும் தொழில் பெறுதற்குரிய வழிகளுள் அறிமுகம் என்பது எத்துணை வலிமையுடையது, அதனை எவ்வாறு கைக்கொள்ள வேண்டும் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

பிரச்சினையின் இயல்பு

பன்னிரண்டு மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட காலம் தொழில் தேடியும் கிடைக்கப்பெறாத நிலையை நீண்டகால வேலையின்மை என்று சர்வதேச தொழில் நிறுவனம் வகுத்துரைக்கும். இளைஞனுக்கு இந்நிலை நேரின் அவன் மேலும் கற்கலாம், வேற்றூர் செல்லலாம். ஐம்பதைக் கடந்தவனுக்கோ பிள்ளைகளின் படிப்பு ஒருபாலும், முதிய பெற்றோரின் பராமரிப்பு மறுபாலும் நிற்கும். ஆயினும் அவனுடைய உழைப்புக் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளுதல் பொருந்தாது. தனியார் துறையில் முன்னர்ப் பெரும்பாலும் 55 வயதோடு ஓய்வு கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அவ்வயதைப் படிமுறையாக 60 வரை உயர்த்தியது. ஆகவே 52 வயதில் தொழிலிழந்த ஒருவனுக்குச் சட்டத்தின் கணக்கின்படியே எட்டாண்டு உழைப்பு எஞ்சியிருக்கின்றது. உடலுரமும் அனுபவமும் உடையாருக்கு அதனினும் மிகுதியாக எஞ்சியிருக்கும்.

நம் பகுதியில் இந்நிலை புதிதன்று. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், சிங்களத் தேர்ச்சி பெறாமையால் பதவி உயர்வு தடைப்பட்டு, உரிய காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற்று ஊர் திரும்பிய தமிழ் உத்தியோகத்தர் பலர். 1950 இல் தொடங்கப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போரினால் 1990 இல் உற்பத்தியை நிறுத்தியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போர்க்காலத்திலேயே செயலிழந்தது. 1987 இல் வடமராட்சியில் நடந்த படைநடவடிக்கையும், 1995 இல் வலிகாமத்து மக்களின் பேரிடப்பெயர்வும் கடைகளையும் கந்தோர்களையும் தொழிற்பட்டறைகளையும் சிதைத்தன. 2022 இல் நாடு முழுவதையும் தாக்கிய பொருளாதார நெருக்கடி மேலும் பலரை வீட்டிலிருத்தியது. உடுப்பிட்டியிலும் அதனை அடுத்த இமையாணன், வல்வெட்டி, கரணவாய், நெல்லியடி முதலாய ஊர்களிலும் இவ்வலைகளுள் ஒன்றேனும் தீண்டாத குடும்பத்தைக் காண்டல் அரிது.

வேலையின்மை மனிதனை என் செய்கின்றது?

வருவாய் நின்றுவிடுதல் ஒன்றே வேலையின்மையின் தீங்கு என்று நினைப்பார் உளர். அஃது அவ்வளவில் நிற்பதன்று. ஒஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அணித்தாயுள்ள மரியந்தால் என்னும் சிற்றூர், நெசவாலை ஒன்றையே நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் தொடக்கத்தில் அவ்வாலை மூடப்பட, ஊரில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் தொழிலிழந்தன. மாரி யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் அறிஞர் மூவரும் அங்குச் சென்று ஆராய்ந்து 1933 இல் நூல் வெளியிட்டனர். அவர் கண்டது யாது? ஓய்வு மிகுந்தமையால் மக்கள் மிகுதியாகப் படித்தாரல்லர். வாசிகசாலையில் நூல் இரவல் பெறும் கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், இரவல் பெற்ற நூல்களின் தொகை இரண்டாண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வீதியில் ஆண்களின் நடை தளர்ந்தது. இடையிடையே காரணமின்றி நின்று நின்று சென்றனர். காலம் நிறைய இருந்தும் அதனைப் பயன்படுத்தும் ஊக்கம் இல்லாதொழிந்தது.

இவ்வுண்மை நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தொழிலிழந்தவன் ஒதுங்குகிறான். கோயிலில் மண்டபத்தின் கோடியில் நிற்கிறான். கலியாண வீட்டுக்குப் பிந்திச் சென்று முந்தித் திரும்புகிறான். சனசமூக நிலையத்தில் பத்திரிகை படித்தவன் அங்குச் செல்வதையும் விடுகிறான். "இப்பொழுது எங்கே வேலை?" என்னும் வினாவுக்கு அஞ்சியே இங்ஙனம் செய்கிறான். உத்தியோகம் புருட லட்சணம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த சமூகத்தில் இவ்வச்சம் இயல்பே. ஆனால் அவன் ஒதுங்குந்தோறும் அவனுக்குச் செய்தி கொண்டுவரும் வழிகளும் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. மானத்தைக் காக்கக் கருதிச் செய்யும் செயல் வாழ்வைக் கெடுப்பதாய் முடிகின்றது.

வேலை கொடுப்போரின் ஐயம் இதனோடு சேர்கின்றது. அமெரிக்காவில் குறொவ்ற், லாங்கே, நொற்றோவிடிக்டோ என்போர் ஏறத்தாழ மூவாயிரம் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு, தகுதிகள் ஒத்திருந்தும் வேலையின்றியிருந்த காலம் நீள நீள அழைப்புக் குறைதலைக் காட்டியது. முதல் எட்டு மாதத்திலேயே அக்குறைவு மிகுதி. இடைவெளிக்கு உரிய காரணத்தைக் கடதாசி விளக்குவதில்லை. ஆளை அறிந்தவனே விளக்க வல்லன். அறிமுகத்தின் முதற்பயன் இதுவேயாம்.

முன்னோர் கண்ட வழி

அறிமுகத்தால் தொழில் பெறும் முறையை நாம் பிறநாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்தார் மலாயா சென்றது அம்முறையாலேயே. ஆங்கிலங் கற்ற ஒருவன் அங்குப் புகையிரதப் பகுதியிலோ அரசாங்கக் கந்தோரிலோ எழுதுவினைஞனாக அமர்ந்தான். அவன் தன் தம்பிக்கும், மைத்துனனுக்கும், அயல்வீட்டுப் பிள்ளைக்கும் கடிதம் எழுதினான். வந்தவன் அவன் வீட்டிலே தங்கி, அவன் காட்டிய மேலதிகாரியைக் கண்டு, வேலை பெற்றபின் தானும் இன்னொருவனை அழைத்தான். கோலாலம்பூரில் பிறிக்பீல்ட்ஸ், செந்தூல் முதலிய இடங்களில் நம்மவர் செறிந்து வாழ்ந்ததும், கோயில்களும் சங்கங்களும் அமைத்ததும் இச்சங்கிலியின் விளைவே. 1950 களில் மலாயாவின் குடிவரவுச் சட்டங்கள் இறுகியபின் அவ்வழி அடைபட்டது. 1983 இன் பின் அதே சங்கிலி இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று வேறு திசைகளில் நீண்டது.

ஆயினும் அச்சங்கிலிக்கு இரு குறைகள் இருந்தன. முதலாவது, அஃது இளைஞனுக்கென்றே அமைந்தது; நடுவயதில் தொழிலிழந்தவனை எழுப்பும் ஏற்பாடு அதில் இல்லை. மந்தகாலத்தில் ஆட்குறைப்புக்கு ஆளாகி மலாயாவிலிருந்து திரும்பியோருக்கு ஊரில் காணியும் கிணறும் கைகொடுத்தன, வேறொரு கதியில்லை. இரண்டாவது, அது குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் ஓடியது. ஆங்கிலப் பாடசாலையின் படியை மிதிக்க இயலாதிருந்தோருக்கு அக்கயிற்றின் நுனி எட்டவேயில்லை. இதனை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் கற்றோர்க்கு அழகன்று.

நெருங்கியவரும் தூரத்தவரும்

யாரிடம் சென்றால் தொழில் பற்றிய செய்தி கிடைக்கும்? நெருங்கிய உறவினரிடம் என்றே எவரும் விடையிறுப்பர். மார்க் கிரனோவெட்டர் என்னும் சமூகவியலறிஞர் இதனை ஆராய்ந்தார். பொஸ்ரன் நகருக்கு அணித்தான நியூட்டன் என்னுமிடத்தில், அணித்தே வேலை மாறிய 282 ஆடவரைப் பற்றிய தரவுகளை அவர் திரட்டினார். அவர்கள் உயர்தொழில், தொழில்நுட்பம், முகாமை ஆகிய துறைகளைச் சேர்ந்தோர். அவருள் 56 வீதத்தினர் அறிந்தார் ஒருவர் வாயிலாகவே வேலை பெற்றிருந்தனர். அங்ஙனம் பெற்றோரை, "செய்தி தந்தவரை எத்துணை அடிக்கடி கண்டு வந்தீர்?" என்று வினவியபோது, அடிக்கடி கண்டவர் என்றோர் 16.7 வீதத்தினரே. இடையிடையே கண்டவர் என்றோர் 55.6 வீதத்தினர். மிக அருமையாகக் கண்டவர் என்றோர் 27.8 வீதத்தினர். 1973 இலும் 1974 இலும் வெளிவந்த இவ்வாராய்ச்சி இன்றும் போற்றப்படுகின்றது.

காரணம் எளிது. நம் வீட்டாரும் உற்ற நண்பரும் நாம் உலவும் இடத்திலேயே உலவுகின்றனர். நாம் அறிந்ததையே அறிகின்றனர். தூரத்து அறிமுகத்தாரோ வேறொரு வட்டத்திலே வாழ்கின்றனர். நமக்கு எட்டாத செய்தி அவர்க்கு எட்டுகின்றது. 2022 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, 'லிங்க்ட்இன்' என்னும் இணைய அறிமுகத் தளத்தில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோரை ஐந்தாண்டு காலத்திற் சோதித்து, இக்கருத்தைச் சிறிது திருத்தி உறுதிப்படுத்தியது. முற்றும் அறியாதவரும் அன்று, மிக நெருங்கியவரும் அன்று. இடைத்தரமான அறிமுகமுடையாரே வேலைமாற்றத்துக்குப் பெரிதும் துணையாவர் என்பது அதன் முடிபு.

இதனை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். உடுப்பிட்டியில் இருக்கும் ஒருவனுக்கு இடைத்தரமான அறிமுகத்தார் யாவர்? உடன் கற்று இப்பொழுது வவுனியாவில் வாழ்பவர். முன்னைய கந்தோரில் அடுத்த பகுதியிலிருந்தவர். பொருள் கொண்டுவந்த வியாபாரி. மகளின் தோழியினுடைய தந்தையார். கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாட் செயலாளர். இத்தகையோர் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கணக்கில் உளர். அவரை நினைவிலிருந்து எடுத்துத் தாளில் எழுதாமையே குறை.

தேடும் முறை

இனி, செய்முறையைக் கூறுவோம்.

முதலாவது, ஒரு கொப்பியை எடுத்து நாற்பது பெயர் எழுதுக. உடன்கற்றோர், உடன்பணி செய்தோர், தொழிலில் கொடுக்கல் வாங்கல் உடையோர், அயலூரார், பிள்ளைகளின் வாயிலாக அறிந்தோர் என ஐந்து பிரிவாகப் பகுத்தால் பிரிவுக்கு எட்டுப் பெயர் வரும். "இவர் எனக்கு என்ன செய்யப்போகிறார்?" என்று எழுதும்பொழுதே பெயரை வெட்டுதல் கூடாது.

இரண்டாவது, உம்மால் இயல்வது யாது என்பதை இரு வாக்கியத்தில் வகுத்துக்கொள்க. "எந்த வேலையும் செய்வேன்" என்பது பணிவுபோலத் தோன்றினும், கேட்பவருக்கு நினைவில் நில்லாது. "களஞ்சியக் கணக்கு வைப்பேன்; கொள்வனவு செய்வேன்" என்பது நிற்கும்.

மூன்றாவது, இடைவெளியை ஒரே வாக்கியத்தில், உண்மையாக, மனங்குழையாமற் கூறுக. நிறுவனம் மூடப்பட்டது எனினும், தாயார் நோயுற்றார் எனினும், அதுவே போதும். பழைய மேலதிகாரியைக் குறைகூறுதல் கேட்பவர் உள்ளத்தில் உம்மைப் பற்றியே ஐயம் விளைக்கும்.

நான்காவது, முதற் சந்திப்பில் வேலை கேளாது வழி கேட்க. "வேலை உண்டா?" என்னும் வினாவுக்கு "இல்லை" என்னும் விடை எளிதில் வரும், அத்தோடு பேச்சு முடியும். "இத்துறையில் இப்பொழுது எத்தகைய ஆட்கள் தேவைப்படுகின்றனர்? நான் வேறு யாரைக் கண்டு பேசலாம்?" என்னும் வினாவுக்கு எவரும் ஏதேனும் சொல்லக்கூடும். பத்துப்பேர் இவ்விரண்டு பெயர் தருவராயின் இருபது புதிய வாயில்கள் திறக்கும். மாதிரிக்கு ஒரு கடிதம் வரைந்து காட்டுவோம்:

"அன்புள்ள அண்ணர் அவர்கட்கு, வணக்கம். கல்லூரியில் உங்களுக்கு இரு வகுப்புக் கீழே கற்றவன் யான். பதினெட்டு ஆண்டு ஒரு களஞ்சியத்தின் பொறுப்பாளனாக இருந்து பொருட்கணக்கும் கொள்வனவும் பார்த்தேன். 2022 இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் தாயாரைப் பராமரித்தேன். இப்பொழுது மீண்டும் பணிசெய்ய ஆயத்தமாயுள்ளேன். கணினியிற் கணக்கு வைக்கும் முறையையும் பயின்றுள்ளேன். உங்கள் துறையில் களஞ்சியப் பணி இப்பொழுது எவ்வாறு நடக்கின்றது என்பதை உங்களிடம் அறிய விரும்புகிறேன். வசதியான ஒருநாளில் இருபது நிமிடம் தருவீர்களாயின் நேரிலோ தொலைபேசியிலோ பேசுவேன். வேலை கேட்டு இதனை எழுதவில்லை. வழி கேட்டே எழுதுகிறேன்."

ஐந்தாவது, சந்திப்பு ஒவ்வொன்றையும் கொப்பியில் திகதியிட்டுக் குறிக்க. அவர் சொன்னபடி யாரைக் கண்டீர், யாது நேர்ந்தது என்பதை ஒரு கிழமைக்குள் அவருக்கு அறிவித்து நன்றி கூறுக. தாம் சொன்ன சொல் வீண்போகவில்லை என்று கண்டவர் மறுமுறையும் உம்மை நினைப்பார்.

ஆறாவது, சிறுபணியை இகழற்க. ஆலயக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தக் கணக்காய்வுக்கு ஆயத்தஞ் செய்தல், மாலை வகுப்பு, கட்டட வேலை மேற்பார்வை, வெளிநாட்டிலிருப்போரின் காணி வீட்டைப் பராமரித்தல் என்பன இங்கு உள்ளன. வேலையிலிருப்பவனாகக் காணப்படுதலே அடுத்த வேலைக்கு அறிமுகமாகும். பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புப் பொறுப்பிலுள்ள உத்தியோகத்தரிடம் பெயர் பதிதலும் நன்று. அறிமுகத்தைத் தேடுதல் பதிவை விடுதற்குக் காரணமாகாது.

இவை ஆடவர்க்கு மாத்திரம் உரியனவல்ல. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்டிர் நம்மிடையே பலர். நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாகத் தொழில் தேடும் அவர்க்கு உடன்பணி செய்தோர் என்னும் பிரிவே இராது. அவர்க்கு மாதர் சங்கமும், பிள்ளைகளின் பாடசாலையும், அயலாரும் தொடக்கமாகுக.

கூட்டாகத் தேடுதல்

தனியே தேடுபவன் இருபதாவது மறுப்பில் சோர்கிறான். ஆகவே கூட்டாகத் தேடுதல் சிறந்தது. 1939 இல் நியூயோர்க் நகரில் 'நாற்பதிற்கு மேல்' என்னும் பொருளுடைய பெயரோடு ஒரு கழகம் தோன்றியது. நாற்பது வயதைக் கடந்து தொழிலிழந்த உத்தியோகத்தர் அதில் உறுப்பினராயினர். தமக்கு மட்டும் தேடாது ஒருவருக்கொருவர் தேடினர். பின்னர் நேதன் அசுறின் என்னும் உளவியலறிஞரும் அவர் துணைவரும் அமெரிக்காவிலே ஒரு தொழில்தேடுங் கழகத்தை அமைத்துச் சோதித்து 1975 இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் கூடி, ஒருவர் கடிதத்தை மற்றவர் திருத்தி, கேட்டறிந்த செய்தியைப் பகிர்ந்து கொண்டோருள் 90 வீதத்தினர் இரண்டு மாதத்தில் வேலை பெற்றனர். தனித்துத் தேடியோருள் 55 வீதத்தினரே பெற்றனர். அவ்வூரின் நிலைமை வேறு, நம் நிலைமை வேறு. எனினும் கூட்டுமுயற்சியின் வலிமையை அவ்வேறுபாடு தெளிவுறுத்தும்.

நம்மிடம் இதற்குரிய கருவி ஆயத்தமாக இருக்கின்றது. பழைய மாணவர் சங்கத்தினும் சிறந்த அறிமுகக் களம் யாது? ஒரே முற்றத்தில் ஓடியாடி, பின் உலகின் நாற்றிசையும் சென்றோர் அதில் உறுப்பினர். மிக நெருங்கியவருமல்லர், முற்றும் அறியாதவருமல்லர்; ஆய்வாளர் கூறிய இடைத்தரம் இதுவே. அச்சங்கம் செய்யத்தக்கன மூன்று. மாதம் ஒருமுறை தொழில் தேடுவோர் கூடிப் பேசக் கல்லூரியில் ஓர் அறையைத் திறந்துவிடுதல் ஒன்று. துறைவாரியாக, வழிகாட்ட இசைந்த உறுப்பினரின் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்திருத்தல் இரண்டு. வந்த கடிதம் எதுவாயினும் இரு கிழமைக்குள் விடை அளித்தல் மூன்று. கட்டட நிதிக்கு வேண்டும் பொருளில் நூறில் ஒருபங்கும் இவற்றுக்கு வேண்டியதில்லை.

அறிமுகமும் பக்கச்சார்பும்

இங்கு ஒரு தடை எழும். "இஃது ஆள்பிடித்து வேலை வாங்கும் வழக்கமன்றோ? தகுதியுடையவன் வெளியே நிற்க, அறிந்தவன் உள்ளே புகுவதன்றோ?" என்பர். தடை தக்கதே. அறிமுகம் வேறு, சிபாரிசின் பெயராற் செய்யும் அநீதி வேறு. தகுதியுடையான் ஒருவன் உளன் என்று வேலை கொடுப்பவருக்கு அறிவித்தல் அறிமுகம். தகுதியில்லானைத் தகுதியுடையானென்று சொல்லுதலும், போட்டிப் பரீட்சையால் நிரப்பவேண்டிய இடத்தைப் பின்கதவால் நிரப்புதலும் அநீதி. முன்னது கதவைக் காட்டுகின்றது. பின்னது பிறர்முன் கதவைச் சாத்துகின்றது.

ஆகவே அறிமுகஞ் செய்வோர் மூன்றினைக் கைக்கொள்ளல் வேண்டும். தாம் அறியாத தகுதியைச் சொல்லற்க. இயலாததை இயலுமென்று வாக்களித்து மாதக்கணக்கில் ஒருவனை அலைக்கற்க. உரிய காலத்தில் சொல்லப்பட்ட "இயலாது" என்பதும் ஓர் உதவியே. உறவும் சாதியும் ஊரும் நோக்காது வழிகாட்டுக. பழைய சங்கிலியின் குறை புதியதிலும் தொடருமாயின் நாம் யாதும் கற்றோமல்லேம். இடையில் படிப்பை விட்டு நீங்கிய மாணவனும் பழைய மாணவனே; சித்தி பெற்றவனினும் அவனுக்கே இக்கயிறு மிகுதியும் வேண்டும்.

இன்று வகுப்பிலிருக்கும் மாணவருக்கும் ஒரு சொல். அருகில் இருப்பவனை அறிந்துகொள்ளுங்கள். முப்பதாண்டு கழித்து யார் யாருக்கு வாயில் திறப்பர் என்பதை இன்று எவரும் கூற வல்லரல்லர். ஆசிரியர்மாரே, நன்றாகப் படித்தவன் செய்தி தானே வந்தெய்தும். வராதவன் செய்தியை விசாரித்தறியுங்கள். பழைய மாணவர்காள், உங்களுள் தொழிலிலிருப்போர் இம்மலரைப் படித்து முடித்ததும், நெடுநாட் காணாத ஒரு வகுப்புத்தோழரை நினைந்து ஒரு வரி எழுதுங்கள். தொழிலின்றியிருப்போர் ஒதுங்கி நில்லாது அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வந்தோரை, "இப்பொழுது எங்கே வேலை?" என்று கேளாது, "என்ன செய்ய வல்லீர், யாரைக் காண விரும்புகின்றீர்?" என்று கேட்கும் சபையாக நம் சபை விளங்குக.